ஓய்வுக் காலத்தில் ஒளிப்படக் கலை: திருத்தத்தையும் நீங்களே செய்யுங்கள்

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் அறுபது வயதைக் கடந்தவர்கள் முதலில் சொல்லும் குறை பெரும்பாலும் தலைவலியோ கைநடுக்கமோ அன்று, மறதிதான். சாவியை வைத்த இடம் தெரியவில்லை, நேற்று வீட்டுக்கு வந்தவரின் பெயர் நினைவுக்கு வரவில்லை, அடுப்படிக்குள் போன பிறகு எதற்காகப் போனோம் என்பது மறந்துவிட்டது. இவற்றைச் சொல்லும்போது அவர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. உடன் வந்திருக்கும் மகனையோ மகளையோ பார்க்கிறார்கள். கேட்க அஞ்சும் கேள்வி ஒன்று அந்தப் பார்வையில் இருக்கிறது.

அப்படி வந்தவர்களுள் ஒருவர் சின்னமனூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம். நினைவாற்றல் சோதனை செய்தோம். தைராய்டு, வைட்டமின் பி12, இரத்தச் சர்க்கரை அனைத்தையும் பார்த்தோம். செவித்திறனையும் உறக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றி விசாரித்தோம். நோய் என்று பெயரிடத் தக்கது எதுவும் இல்லை. நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டோம். காலை நடை, செய்தித்தாள், தொலைக்காட்சி, மதிய உறக்கம், மீண்டும் தொலைக்காட்சி. "எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்குங்க டாக்டர். எதை வச்சு நான் ஞாபகம் வச்சுக்கிறது?" என்றார். அவருடைய கேள்வியில் மருத்துவ உண்மை இருந்தது. ஒன்றையொன்று ஒத்திருக்கும் நாள்களை மூளை தனித்தனியாகப் பதிந்துவைப்பதில்லை.

அப்போது அவருடைய மகள் சொன்னார்: "தம்பி வெளிநாட்டுல இருந்து ஒரு கேமரா அனுப்பியிருக்கான். அப்பா எப்பவாவது எடுப்பாங்க. படத்தைக் கம்ப்யூட்டர்ல சரிபண்றது எல்லாம் என் பையன்தான். அது அப்பாவுக்கு வராது." அன்பாகச் சொன்ன சொற்கள்தாம். ஆனால் இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது அந்தக் கடைசி வாக்கியமே.

ஓய்வுபெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறோம். எத்தகைய பொழுதுபோக்கு என்பதை நாங்கள் விளக்கிச் சொல்வது குறைவு. ஒளிப்படம் எடுப்பதும் அதைக் கணினியில் திருத்துவதும் குறித்து நேரடியாகவே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நடத்திய அந்த ஆய்வுக்குச் சினாப்ஸ் திட்டம் என்று பெயர். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் சந்திப்பே சினாப்ஸ். ஆய்வின் முடிவுகள் 2014-ஆம் ஆண்டு சைக்கலாஜிக்கல் சயின்ஸ் என்ற ஆய்விதழில் வெளிவந்தன.

60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு குழுவினர் டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கவும் கணினியில் அதைத் திருத்தவும் கற்றனர். இன்னொரு குழு ஒட்டுத்துணித் தையலைக் கற்றது. மூன்றாவது குழு இரண்டையும் கற்றது. நான்காவது குழுவினர் கூடிப் பேசினார்கள், விளையாடினார்கள், வெளியூர் சென்று வந்தார்கள். ஆனால் கடினமான எதையும் கற்கவில்லை. ஐந்தாவது குழு வீட்டில் இசை கேட்பது, எளிய சொற்புதிர்களை விடுவிப்பது போன்ற, மூளைக்கு வேலை குறைந்த செயல்களில் ஈடுபட்டது. எதிலும் சேராமல் ஒப்பீட்டுக்காக மட்டும் ஒரு குழு இருந்தது. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் என மூன்று மாதம் இது நடந்தது.

முடிவில், புதிய திறனைக் கற்றவர்களின் நிகழ்வு நினைவு மேம்பட்டிருந்தது. நேற்று என்ன நடந்தது, சற்றுமுன் என்ன கேட்டோம், எங்கே வைத்தோம் என்பவற்றைத் தாங்கும் நினைவு அது. எங்கள் அறையில் முதியவர்கள் முறையிடுவதும் அதைப் பற்றியே. அந்த மேம்பாடு ஒளிப்படம் கற்றவர்களிடம் குறிப்பாகத் தெளிவாக இருந்தது. கூடிப் பேசி மகிழ்ந்த குழுவுக்கு அந்த அளவு பயன் கிட்டவில்லை. கூடிப் பேசுவது வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தனிமை உடலையும் மனத்தையும் கெடுக்கும் என்பதை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். இந்த ஒரு வகை நினைவுக்கு மட்டும் இன்பமான பொழுது போதவில்லை, கடினமான பொழுது தேவைப்பட்டது.

இந்த ஆய்வை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. அதில் பங்கேற்றவர்கள் நலமாக இருந்த முதியவர்கள். மறதி நோய் உடையவர்கள் அல்லர். ஒளிப்படம் கற்றால் அல்சைமர் நோய் வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நாங்களும் சொல்லமாட்டோம். வாரத்துக்கு 15 மணி நேரம் என்பதும் சிறிய அளவன்று. ஞாயிறு மாலை அரை மணி நேரம் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு அந்த முடிவு பொருந்தாது.

இனி, திருத்தம் என்ற அந்தப் பாதி வேலை ஏன் இத்தனை முக்கியம்? கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எவருக்கும் எளிதில் கிடைக்கும் ஒரு காட்சியைக் கொண்டே பார்ப்போம். திராட்சைப் பந்தலுக்குள் நிற்கும் ஒரு மனிதர். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர்த் திராட்சை தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. இலைகளின் இடைவெளியில் வானம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. படம் எடுத்துப் பார்த்தால் மனிதரின் முகம் கருத்துக் கிடக்கும். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் உடையது என்ற கணக்கில் இயங்குகிறது. வானத்தின் பளிச்சொளியைக் கண்டதும் வெளிச்சம் அதிகம் என்று எண்ணி அனைத்தையும் குறைத்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டவர் முகத்துக்கு ஏற்ப ஒளியளவைக் கூட்டி மீண்டும் எடுப்பார். இப்போது முகம் தெரியும், வானம் வெளுத்துப் போகும். எதைக் காப்பது, எதை விடுவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால் அடுத்த சிக்கல். முகத்தில் ஒரு பச்சைச் சாயல். இலைகளினூடே வடிந்து வந்த ஒளி அது. நம் கண் பந்தலுக்குள் நுழைந்த சில நொடிகளில் அதற்குப் பழகிக்கொள்வதால் நேரில் நமக்குத் தெரிவதில்லை. கேமரா மறைக்காமல் காட்டுகிறது. வண்ணச் சமநிலையை மாற்றினால் முகம் சரியாகும், இலைகளோ வாடியவை போலாகும். ஆகவே முகத்தை மட்டும் தனியே தேர்ந்தெடுத்துத் திருத்த வேண்டும். முகத்தின் நிழலைத் தூக்கினால் தோலில் ரவை தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும்; அவற்றைக் குறைத்தால் முகத்தின் சுருக்கங்களும் சேர்ந்து மழுங்கும். எண்பது வயது விவசாயியின் முகத்தில் சுருக்கத்தை அழித்துவிட்டால் பிறகு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

மூளை இங்கே என்ன செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் கண்டதை நினைவில் நிறுத்தித் திரையில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. ஒன்றை மாற்றினால் மற்றொன்று என்னவாகும் என்று முன்கூட்டி ஊகிக்கிறது. பத்துப் படிகளை வரிசையாக நினைவில் வைக்கிறது. தவறினால் எந்தப் படியில் தவறியது என்று பின்னோக்கித் தேடுகிறது. நாங்கள் நினைவாற்றல் சோதனையில் எண்களையும் சொற்களையும் கொண்டு அளக்கும் பல திறன்கள் இதில் ஒருங்கே உழைக்கின்றன. பேரன் வந்து இரண்டு நிமிடத்தில் படத்தைச் சரிசெய்து கொடுத்தால் படம் அழகாகிவிடும். உழைத்தது பேரனின் மூளை.

கைப்பேசியில் ஒரே தொடுதலில் படத்தை மெருகேற்றும் பொத்தான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அவசரத்துக்குப் பயன்படுத்துங்கள், குற்றமில்லை. ஆனால் அதுவும் ஒரு வகையில் பேரன்தான்.

வயதாகிவிட்டது, இது இளைஞர்களின் தொழில்நுட்பம் என்ற தயக்கத்துக்கும் ஒரு விடை சொல்ல வேண்டும். உலகின் முதல் டிஜிட்டல் கேமராவைக் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 நொடி ஆனது. ஃபோட்டோஷாப் மென்பொருள் விற்பனைக்கு வந்தது 1990-இல். இன்று எழுபது வயதில் இருப்பவர் இவ்விரண்டையும்விட மூத்தவர். மூத்தவர் இளையதைக் கற்பதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

ஜப்பானின் குமாமோட்டோ நகரைச் சேர்ந்த கிமிகோ நிஷிமோட்டோ என்ற அம்மையார் 72 வயதில்தான், தம் மகன் நடத்திய ஒளிப்பட வகுப்பில் சேர்ந்து கேமராவைக் கையில் எடுத்தார். 74 வயதில் கணினியில் படம் திருத்தக் கற்றார். அதன் பிறகு அவர் எடுத்தவை வேடிக்கையான தற்படங்கள்: குப்பைப் பைக்குள் கட்டப்பட்டுக் கிடக்கும் பாட்டி, துணிக்கொடியில் துணிகளோடு தொங்கும் பாட்டி. முதுமையைக் கண்டு பிறர் சிரிப்பதற்கு முன் தாமே சிரித்துவிட்டார். 82 வயதைக் கடந்து தம் ஊரில் தனிக் கண்காட்சியும், 2017-இல் தோக்கியோவில் ஒரு கண்காட்சியும் நடத்தினார். மகன் ஆசிரியர், ஆனாலும் தாய்க்காக மகன் படத்தைத் திருத்தித் தரவில்லை, கற்றுக்கொடுத்தார் என்பதே எங்கள் கண்ணில் படுகிறது.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஆங்கிலேயப் பெண்மணி ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு 1863-இல், 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். அக்காலத்தில் ஒளிப்படம் என்பது கண்ணாடித் தகடும் இரசாயனமும். அவர் எல்லாவற்றையும் தாமே செய்து பழகி, உலகம் போற்றும் கலைஞரானார். பின்னர் 1875-இல் இலங்கையில் குடியேறி, அங்குள்ள எளிய மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் பிடித்தார். 1879-இல் அந்த மலையகத்திலேயே மறைந்தார். நம் மேகமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கும்போது அவர் நினைவு எங்களுக்கு வருவதுண்டு.

தொடங்குவதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். உங்கள் கையில் உள்ள கைப்பேசியே போதும். மூன்று மாதம் அதில் பழகிய பிறகும் ஆர்வம் நிலைத்தால் கேமராவைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் உடையவர்கள் கனமான கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு வலியோடு திரும்பி வருவதை நாங்கள் பார்க்கிறோம். திருத்துவதற்குக் கைப்பேசியில் ஸ்னாப்சீட், கணினியில் கிம்ப் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதல் வாரம் படத்தின் ஓரத்தை வெட்டுவதும் சாய்ந்த அடிவானத்தை நேராக்குவதும் மட்டும். அடுத்த வாரம் ஒளியளவு. அதற்கடுத்து வண்ணம். கற்ற ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் தமிழில் உங்கள் சொற்களில் எழுதுங்கள். மறந்துபோனால் பேரனைக் கூப்பிடுவதற்கு முன் நோட்டைப் பாருங்கள். மூலப் படத்தை அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு மற்றொன்றில் வேலை செய்யுங்கள். அப்போது கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் போய்விடும்.

எதைப் படம் எடுப்பது என்ற கவலை இந்தப் பள்ளத்தாக்கில் எவருக்கும் வரக் கூடாது. மேற்கே கேரள எல்லை மலைகள், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். மேற்கு மலைக்குப் பின் சூரியன் முன்னதாகவே மறைந்துவிடுவதால், சமவெளியில் கிட்டாத ஒரு நீண்ட மென்மையான மாலை ஒளி இங்கே கிடைக்கிறது. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு நாற்றங்கால்களில் வானம் தெரியும். ஆனி ஆடிக் காற்றில் மலை முகட்டைத் தாண்டி வழியும் மேகத்தை வீட்டு மாடியிலிருந்தே எடுக்கலாம். 2023 முதல் மீண்டும் போடிக்கு வரத் தொடங்கிய ரயில், விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பும் ஜீப்புகள், வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா என்று பட்டியல் நீளும். ஒரே ஓர் யோசனை: ஒரே இடத்தை ஆண்டு முழுதும் எடுங்கள். உங்கள் தெருமுனைப் புளியமரமாக இருந்தாலும் சரி. நாள்கள் ஒன்றுபோல இல்லை என்பதைக் காண இதைவிட எளிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இனி, மருத்துவர்களாகச் சில எச்சரிக்கைகள். இவற்றைப் பராமரிப்பாளர்களும் படிக்க வேண்டும்.

பூவையோ பூச்சியையோ எடுக்கக் குனிந்து உட்கார்ந்து, பிறகு சட்டென எழும்போது இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்களுக்கும், புராஸ்டேட் வீக்கத்துக்காகச் சிலவகை மாத்திரை உண்பவர்களுக்கும் இது அதிகம். எழுவதற்கு முன் கணுக்காலை நாலைந்து முறை அசையுங்கள். எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். திரையைப் பார்த்தவாறு பின்னோக்கி நடப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். வரப்பிலும் கால்வாய்க் கரையிலும் இதனால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஒளிப்படம் கொடுத்த நன்மை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். சுருளி அருவிப் பாறைகள் ஈரத்தில் வழுக்கும், தூரத்திலிருந்தே எடுங்கள். ரயில் பாதைக்குள் நின்று எடுக்கவே கூடாது. மேகமலை 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், துணையோடு மட்டும் செல்லுங்கள். யானையைக் கண்டால் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகள் படம் எடுக்கும் ஆர்வத்தில் உணவு நேரத்தைத் தவறவிடுவார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு காலையில் கிளம்பியவர் பதினொரு மணிவரை வயலிலேயே நின்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும். பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்பில்லாமல் வயலில் இறங்க வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைக்காதீர்கள். சில கைப்பேசிகளில் வலுவான காந்தம் இருக்கிறது, கருவிக்கும் அதற்கும் குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

கைநடுக்கம் உடையவர்கள் இது தமக்கானதன்று என்று எண்ண வேண்டாம். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சை மெல்ல வெளியேவிட்டபடி எடுங்கள். அல்லது சிறிய முக்காலி ஒன்றில் கைப்பேசியைப் பொருத்தி, சில நொடி கழித்துத் தானே எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். திருத்தும் வேலைக்கு நடுக்கம் பெரிய தடையன்று. தவறினால் ஒரு படி பின்னோக்கிப் போக முடியும். இத்தகைய மன்னிப்பு வேறு எந்தக் கைத்தொழிலில் இருக்கிறது?

கண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவர்கள் கணினித் திரையைக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் கழுத்து வலியோடு எங்களிடம் வருவார்கள். கணினி தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்டு வாங்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். கண்புரை ஒரு கண்ணில் மட்டும் அறுவை செய்யப்பட்டிருந்தால், ஒரே படத்தை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். புரை உள்ள கண்ணுக்கு வெள்ளைச் சுவர் மஞ்சளாகவும், அறுவை செய்த கண்ணுக்கு வெள்ளையாகவும் தெரியலாம். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியை வடிகட்டிவிடுவதே காரணம். எத்தனையோ ஆண்டுகள் அந்த மஞ்சளை நாம் அறியாமலே வாழ்ந்திருக்கிறோம்.

பராமரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர் திரையின் முன் திணறும்போது உங்கள் கை தானாக முன்னே நீளும். நாங்களும் எங்கள் வீடுகளில் அதே தவற்றைச் செய்கிறவர்கள்தாம். நோயாளிகளுக்கு அறிவுரை சொல்லிவிட்டு வீடு திரும்பி, அம்மாவின் கைப்பேசியைப் பிடுங்கிச் சரிசெய்து கொடுத்திருக்கிறோம். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று வாயால் சொல்லுங்கள். அதைவிட, நோட்டில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஒரே கேள்வியை ஐந்தாம் முறை கேட்டாலும் முதல் முறை போலவே பதில் சொல்லுங்கள். கற்கும்போது திரும்பத் திரும்பக் கேட்பது வேறு, மறதி நோயில் கேட்டதையே கேட்பது வேறு. பயத்தில் பல குடும்பங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் நீங்கள் முன்நின்று பார்த்துக்கொள்ளுங்கள்: அறிமுகமில்லாதவர் அனுப்பும் இணைப்பிலிருந்து எந்தச் செயலியையும் நிறுவ வேண்டாம் என்பதையும், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதையும்.

ஏற்கெனவே மறதி நோய் உறுதியானவர்களின் குடும்பத்தார் இதைப் படித்து ஏங்க வேண்டாம். அவர்களிடம் புதிய மென்பொருளைக் கற்கும்படி வற்புறுத்துவது துன்பமாகவே முடியும். அவர்களுக்கு ஏற்றது பழைய படங்கள். நம் வீட்டு மரப்பெட்டிகளில் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. இவற்றின் மதிப்பை உணர்ந்தே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஒளிப்பட நிலையங்களின் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் காத்தது. உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அந்த ஆய்வாளர்கள் வரமாட்டார்கள்; நீங்களேதான் செய்ய வேண்டும். நலமாக இருக்கும் கணவரோ மனைவியோ படத்தை ஸ்கேன் செய்து, கீறலை நீக்கி, முகத்தைப் பெரிதாக்கிக் காட்டட்டும். "இது யார்?" என்று சோதிக்காதீர்கள். "இது பெரிய அத்தை கல்யாணம்" என்று நீங்களே தொடங்குங்கள். நேற்றைய நிகழ்ச்சியை இழந்தவர்கள் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பந்தலையும் சமையலையும் சொல்லத் தொடங்குவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். சில நாள் சொல்லாமலும் போகலாம். அன்றைக்குப் படத்தை மூடி வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் கொடுங்கள்.

எந்த மறதிக்கு எங்களிடம் வர வேண்டும்? பழகிய தெருவில் வழி தப்புவது, பணக் கணக்கில் புதிதாகக் குழறுவது, சற்றுமுன் சொன்னதைச் சொன்ன நினைவே இல்லாமல் மீண்டும் சொல்வது, சுபாவம் மாறுவது, அன்றாட வேலைகளுக்குப் பிறர் துணை தேவைப்படுவது ஆகியவை இருந்தால் கேமராவை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சில நாள்களிலேயே திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் அது நோய்த்தொற்றாகவோ உப்புக் குறைவாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். அன்றே அழைத்து வாருங்கள். முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

தலைமையாசிரியர் ஐந்து மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பேரனும் வந்திருந்தான்; தூக்கிவருவது மட்டுமே இப்போது அவன் வேலையாம். முல்லையாற்றங்கரையில் எடுத்த கொக்குப் படத்தைத் தாத்தா திறந்தார். கொக்கின் வெண்மை வெளுத்துப் போகாமல் இறகின் மடிப்புகள் தெரிய வைக்க அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளில் எந்த நாள் என்ன செய்தார் என்று தேதி வாரியாகச் சொன்னார், நோட்டைப் பார்க்கவில்லை. எங்களுக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆற்றின் கரைக்கோடு இன்னும் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று பேரன் சொன்னான். "தெரியும். நாளைக்குப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினார்.